எதிர் இலை

ஏப்ரல் 1, திங்கள்

இந்த டைரி தாராபுரத்தில் உரக்கடைக்காரர் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு விவசாயக் குறிப்பு அச்சடித்திருக்கிறார்கள். இன்றைய குறிப்பு: தென்னைக்கு வட்டப்பாத்தி எடுக்கவும். என்னிடம் தென்னை இல்லை. பன்னிரண்டாம் வகுப்புத் தாவரவியல் விடைத்தாள்கள் இருக்கின்றன. அவற்றைத் திருத்துவதற்காக ஈரோட்டுக்கு வந்திருக்கிறேன். சனிக்கிழமை 13ஆம் தேதி வரை முகாம். காலையில் பன்னிரண்டு தாள், மதியம் பன்னிரண்டு தாள்.

முந்தின முகாம்களுக்கெல்லாம் டப்பாவோடு வீட்டிலிருந்தே போய்வந்தேன்; இங்கிருந்து தினமும் தாராபுரம் போய்வர முடியாது. வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதி ஒன்றில் கட்டில் பிடித்திருக்கிறேன். காலையும் இரவும் அங்கே சாப்பாடு உண்டு. மதியம் கிடையாது, கதவையும் பூட்டிவிடுவார்கள்.

வீட்டில் நான்கு நாளுக்கு மாவு ஆட்டி வைத்துவிட்டு வந்தேன். புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, கொள்ளுப் பொடி எல்லாம் பெயர் எழுதி ஒட்டிய டப்பாக்களில் இருக்கின்றன. பஸ் ஏற்றிவிட வந்த என் வீட்டுக்காரர், "அஞ்சாம் நாளைக்கு என்ன பண்றது?" என்று கேட்டார். இவ்வளவு முன்யோசனையோடு அவர் வேறு எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

மதியம் ஆசிரியைகள் பத்துப் பேர் ஒரு வகுப்பறையில் வட்டமாக உட்கார்ந்தோம். எல்லோரும் டப்பாவைத் திறந்தார்கள். நான் கையை வீசிக்கொண்டு போயிருந்தேன். கோபிசெட்டிபாளையத்திலிருந்து வரும் ரெஜினா டீச்சர், டப்பா மூடியை என் முன்னால் வைத்து, "கூச்சப்படாதீங்க டீச்சர், ஆளுக்கு ஒரு வாய் குடுத்தாலே வயிறு ரொம்பிரும்" என்றார். மூடியில் எலுமிச்சை சாதம், தயிர் சாதம், சப்பாத்தித் துண்டு, ஒரு கரண்டி தக்காளித் தொக்கு எல்லாம் விழுந்தன. வயிறு நிரம்பியது. யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

நல்ல மனிதர்கள். நாளைக்கு அங்கே போகப் போவதில்லை.

ஏப்ரல் 2, செவ்வாய்

பள்ளிக்கு அடுத்த சந்தில் பாவாயி மெஸ் என்று ஒன்று இருக்கிறது. ஒன்றேகாலுக்குப் போனேன். உள்ளே முழுக்க ஆண்கள். சுவரை ஒட்டி நீளமாக ஒரு கல்மேடை, அதில் இலையைப் போட்டு, தனியாக வந்தவர்கள் வரிசையாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களை யாரும் கவனிக்கவில்லை. நான் வாசலில் நின்றதும் மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

கல்லாவில் இருந்தவர் என்னைப் பார்த்தார். பிறகு என் முதுகுக்குப் பின்னால் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

"எத்தன பேருங்க?"

ஒருத்தர் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பை இருபத்தாறு வருடமாக ஒரு சத்தத்தில் அடக்குகிறவள் நான். "பார்சல்" என்று சொன்னேன்.

பார்சலை வாங்கியபிறகுதான் அதை வைத்துச் சாப்பிட இடம் இல்லை என்பது உறைத்தது. விடுதி பூட்டிக் கிடக்கும். முகாமுக்குள் கொண்டு போனால் மறுபடியும் அந்த வட்டம். பள்ளி வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டேன். ரொம்ப சந்தோஷப்பட்டார். எனக்கும் அப்படி ஒன்றும் பசி இல்லை.

நாற்பத்தொன்பது வயதில் ஒரு தடவைகூட ஹோட்டலில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டதில்லை என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. இதுவரை அதற்குத் தேவை வரவில்லை.

ஏப்ரல் 3, புதன்

மதியம்: பிஸ்கட், நான்கு. தலைவலி.

ஏப்ரல் 4, வியாழன்

மதியம் திருத்திய ஏழாவது தாளில் தவறு செய்துவிட்டேன். ஒரு பக்கத்தில் போட்ட ஐந்தும் மூன்றும் முன்பக்கக் கட்டத்துக்கு ஏறவில்லை. நாற்பத்தேழு வாங்க வேண்டிய பிள்ளைக்கு முப்பத்தொன்பது போட்டிருக்கிறேன். முதன்மைத் தேர்வாளர் திருமூர்த்தி சார் சரிபார்க்கும்போது கண்டுபிடித்தார்.

"உங்க தாளை நான் பாக்கறதே இல்லீங்க டீச்சர், அப்படியே கையெழுத்துப் போட்டுருவேன். இன்னிக்கு என்னமோ தோணிப் பார்த்தேன்" என்றார். மேசையோரத்தில் கிடந்த பிஸ்கட் பாக்கெட்டையும் பார்த்தார். "சாப்டீங்களா?"

"சாப்பிட்டேன் சார்."

"இன்னொருக்கா வந்துச்சுன்னா எழுத்துல விளக்கம் வாங்க வேண்டியிருக்கும். நம்ம கையில இருக்கறது அடுத்த ஊட்டுப் புள்ளைங்களோட வாழ்க்கைங்க."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. அந்தப் பிள்ளை தண்டின் குறுக்குவெட்டுத் தோற்றத்தை அவ்வளவு அழகாக வரைந்திருந்தது. வேளாண்மைக் கல்லூரியில் சேர ஆசைப்பட்டிருக்கலாம். எட்டு மதிப்பெண் போயிருந்தால் அந்த ஆசையும் போயிருக்கும். காரணம் கேட்டால் நான் என்ன எழுதிக் கொடுப்பேன்? ஹோட்டலுக்குள் போக வெட்கமாக இருந்தது என்றா?

நாளைக்கு எப்படியும் சாப்பிட வேண்டும்.

ஏப்ரல் 5, வெள்ளி

"எத்தன பேருங்க?"

"ரெண்டு. அவர் வண்டிய நிறுத்திட்டு வர்றார்."

யோசித்து வைத்ததல்ல, தானாக வந்தது. கல்லாக்காரர் முகம் தெளிந்துவிட்டது. "ஃபேமிலி ரூம் போங்க" என்று பச்சைத் திரை போட்ட ஒரு தடுப்புக்குள் அனுப்பினார். நான்கு மேசை, ஒரு மின்விசிறி. பரிமாறுகிறவர் அறுபது வயது இருக்கும். குப்பண்ணா என்று எல்லோரும் கூப்பிடுகிறார்கள். எனக்கு ஓர் இலை, எனக்கு எதிரே ஓர் இலை. இரண்டிலும் தண்ணீர் தெளித்து, உப்பு, ஊறுகாய், பொரியல், கூட்டு வைத்தார்.

"சாருக்குச் சோறு போட்டுறட்டுங்களா?"

"அவருக்கு ஒரு போன் வந்துடுச்சு. நீங்க எனக்குப் போடுங்க."

சாப்பிட்டேன். பீன்ஸ் பொரியல்: ஐந்துக்கு மூன்று. சாம்பார்: ஐந்துக்கு நான்கு. ரசத்தின்போது குப்பண்ணா கேட்டார்: "ஏனுங் டீச்சர், பஸ்ஸுக்கு நேரமாச்சுங்களா? இப்படி அள்ளிப் போட்டுக்கறீங்?" கடிகாரத்தைப் பார்த்தேன். உட்கார்ந்து நான்கு நிமிடம்தான் ஆகியிருந்தது. நான் எப்போதும் இந்த வேகத்தில்தான் சாப்பிடுவேன்.

எழும்போது எதிர் இலையையும் நானே மடித்தேன். பொரியல் வைத்தபடி இருந்தது. கை கூசியது. இரண்டு சாப்பாட்டுக்கும் பணம் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

மதியம் பன்னிரண்டு தாள். ஒரு கூட்டலும் தப்பவில்லை.

ஏப்ரல் 6, சனி

திரைக்குள் போனதும் குப்பண்ணா இரண்டு இலையோடு வந்துவிட்டார். "சார் இன்னிக்காச்சும் சாப்புடுவாருங்களா?"

"அவருக்குச் சர்க்கரை இருக்கு. வெளிய சாப்பாடு அவ்வளவா ஒத்துக்காது. ஆனா வருவார். நான் சாப்பிட்டு முடிக்காம அவர் கை வைக்கமாட்டார்."

இந்தக் கடைசி வாக்கியம் ஏன் வாயில் வந்தது என்று தெரியவில்லை. குப்பண்ணாவுக்கு அது பிடித்துவிட்டது. "குடுத்து வெச்சவங்க நீங்க" என்று கூட்டை இன்னொரு கரண்டி வைத்தார். வேண்டாம் என்றேன். சாம்பாரை ஊற்றினார். போதும் என்றேன். மறுபடியும் ஊற்றினார். இலை குளமாகிவிட்டது.

"வாயில வேண்டாம்ங்கறீங், கையக் காணமே" என்றார்.

அப்போதுதான் புரிந்தது. பந்தியில் போதும் என்றால் இலைக்குக் குறுக்கே கையை விரித்துக் காட்டுவார்கள். வாயால் சொல்வதை உபசாரம் என்றுதான் பரிமாறுகிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள். கை வந்தால்தான் நிஜம். எத்தனையோ கைகளை நான் பார்த்திருக்கிறேன். என் மாமனாரின் கை இலையை முழுக்க மூடும். என் வீட்டுக்காரரின் கை இரண்டு விரல் மட்டும் தூக்கும், இன்னும் அரைக் கரண்டி என்று அர்த்தம். என் பையன் இலைமேலேயே கவிழ்ந்துகொள்வான். ஆனால் என் கைக்கு அது பழக்கமில்லை. அப்படி நேர்ந்ததில்லை, அவ்வளவுதான்.

சாயங்காலம் வீட்டுக்குப் போன் பண்ணினேன். "கடுகு எங்க இருக்குது?" என்று கேட்டார். அடுப்புக்கு நேர் மேலே, வட்ட டப்பாவில் என்றேன். இருபத்துநான்கு வருடமாக அங்கேதான் இருக்கிறது. "வேற?" என்றார். வேறு ஒன்றும் இல்லை என்றேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

முகாம் விடுமுறை. துணி துவைத்தேன். ஞாயிற்றுக்கிழமை விடுதியில் மதியம் மட்டும் அல்ல, எந்த வேளையும் அடுப்பு கிடையாது.

பாவாயி மெஸ்ஸில் இன்று நிற்க இடமில்லை. திரைக்குள் எல்லா மேசையும் நிரம்பி, என் எதிரே மட்டும் ஓர் இலை காலியாக இருந்தது. இடுப்பில் கைக்குழந்தையோடு ஒரு பெண் அதன் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் புருஷனுக்குப் பக்கத்து மேசையில் இடம் கிடைத்து, அவன் சாப்பிட ஆரம்பித்துவிட்டான். குப்பண்ணா அந்தப் பெண்ணிடம், "இல்லீங் அம்மிணி, அங்க சார் வர்றாருங்க" என்று தடுத்தார்.

இல்லாத ஓர் ஆளுக்காகக் கைக்குழந்தைக்காரி ஒருத்தி நிற்கிறாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. "உக்காரட்டும், அவர் இன்னிக்கு வரலையாம்" என்றேன்.

அவள் உட்கார்ந்தாள். சோறு வந்தது. குழந்தை அழுதது. அதற்கு ஊட்டினாள், வாயைத் துடைத்தாள், தண்ணீர் கொடுத்தாள், அது தட்டிவிட்ட தம்ளரை எடுத்தாள். அவள் இலையில் இருந்த சோறு ஆறி விறைத்துப்போனது. பக்கத்து மேசையிலிருந்து அவன், "ம், சீக்கிரம் ஆகட்டும்" என்றான். அவள் நான்கு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு இலையை மடித்தாள்.

எழும்போது என்னைப் பார்த்து, "நீங்க தனியாவா வந்தீங்கக்கா?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள், "குடுத்து வெச்சவங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இதை எழுதி வைக்கிறேன், வேறு வேலையும் இல்லை. எங்கள் வீட்டில் முதலில் மாமனார் சாப்பிடுவார், அவர் இருந்தவரை. கூடவே என் வீட்டுக்காரர். அப்புறம் பையன். அப்புறம் மாமியார், அவரும் இருந்தவரை. பாத்திரங்களை ஒழித்துப் போட்டுவிட்டு நான் சமையல்மேடை ஓரத்தில் தட்டை வைத்து நின்றுகொண்டே சாப்பிடுவேன். குழம்பு, சட்டியில் மிஞ்சியிருப்பதைப் பொறுத்து. இப்போது வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான், பையன் கோயம்புத்தூரில் படிக்கிறான். ஆனாலும் அவர் சாப்பிடுவார், நான் பரிமாறுவேன், அவர் கை கழுவுவார், நான் சமையலறைக்குப் போவேன். இதை யாரும் தனியாகச் சாப்பிடுவது என்று சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. ஒரு வேளையும் தவறியதில்லை, எனக்கு என்ன குறை.

டைரிக் குறிப்பு: சின்ன வெங்காயத்துக்கு நீர் பாய்ச்சுவதை நிறுத்தவும்.

ஏப்ரல் 8, திங்கள்

இன்று இலைக்குக் குறுக்கே கையை வைத்துப் பார்த்தேன். குப்பண்ணா சாம்பார் வாளியைச் சட்டென்று நிமிர்த்திக்கொண்டார். சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

எதிர் இலைக்கு இன்று பணம் வாங்கவில்லை. கல்லாக்காரர் மறந்திருப்பார்.

ஏப்ரல் 9, செவ்வாய்

இருபத்துநான்கு தாள், பிழை இல்லை. பீர்க்கங்காய்க் கூட்டு, ஐந்துக்கு நாலரை. சாப்பிட ஒன்பது நிமிடம் ஆனது.

ஏப்ரல் 10, புதன்

ரெஜினா டீச்சரின் சாதம் புளித்துப்போய்விட்டது. இன்னும் இரண்டு டீச்சர்களைக் கூட்டிக்கொண்டு பாவாயி மெஸ்ஸுக்கு வந்துவிட்டார். திரையை விலக்கியதும் எதிர் இலையோடு என்னைப் பார்த்தார்.

"அட, பூங்கோதை டீச்சர்! யாராச்சும் வர்றாங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் குப்பண்ணா முந்திக்கொண்டார். "டீச்சர் வீட்டுக்காரருங்க. தெனமும் வருவாருங்க, அவருக்குக் கொஞ்சம் சக்கரை, அதுதான் நேரங்கழிச்சு."

ரெஜினா டீச்சருக்கு என் வீட்டுக்காரரைத் தெரியும். அவர் தாராபுரத்தில் மின்வாரிய ஆபீஸில் இருக்கிறார் என்பதும், அவருக்குச் சர்க்கரை இல்லை என்பதும் தெரியும். என்னைப் பார்த்தார், இலையைப் பார்த்தார். "சரிங்க" என்று சொல்லிவிட்டு வேறு மேசைக்குப் போனார். மூன்று பேரும் மெதுவான குரலில் பேசிக்கொண்டே சாப்பிட்டார்கள்.

எனக்கு அந்தக் கொள்ளு ரசத்தின் ருசி தெரியவில்லை. மதிப்பெண் போடவில்லை.

ஏப்ரல் 11, வியாழன்

காலையில் கையெழுத்துப் போடும் இடத்தில் பேச்சு நின்றது. நான் நகர்ந்ததும் தொடர்ந்தது. இது எனக்குத் தெரியாத சங்கதி இல்லை. வகுப்பறைக்குள் நுழையும்போது பிள்ளைகள் செய்வது இதுதான். ஆனால் அதற்கு ஒரு பிரம்பை மேசையில் தட்டினால் போதும்.

இடைவேளையில் ரெஜினா டீச்சர் என்னைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூட்டிப் போனார்.

"மனசுல வெச்சுக்காம கேக்கறேன் டீச்சர். அந்த மெஸ்ஸுல யாரோட சாப்படறீங்க?"

"யாரோடவும் இல்ல."

"அப்புறம் அந்த இலை?"

சொன்னேன். தனியாக உள்ளே போகக் கூச்சமாக இருந்தது, இரண்டு பேர் என்று சொல்லிவிட்டேன், அதன்பிறகு மாற்றத் தெரியவில்லை.

"நான் நம்பறேன். பசிச்சா நானும் ஊடு போற வரைக்கும் தாங்கிக்குவனே ஒழிய, ஒத்தையில ஹோட்டலுக்குள்ள கால் வெச்சதில்ல. ஆனா இதை வேற யாருகிட்டச் சொன்னாலும் நம்பமாட்டாங்க டீச்சர். தெரைக்குள்ள யாரோ ஒருத்தர் வர்றாருன்னா உடனே நம்பிருவாங்க."

சரிதான். ஒரு பெண் திரை போட்ட அறையில் கள்ளத்தனமாக ஓர் ஆணோடு சாப்பிடுகிறாள் என்பது ஊருக்குப் புரிகிறது. அவள் பசித்து, தானாகப் போய், தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள் என்பது புரிவதில்லை. எனக்கே பத்து நாள் முன்னால் புரிந்திருக்காது.

ரொம்ப அவமானமாக இருந்தது. இதை எழுதும்போதும் இருக்கிறது.

முகாமில் இயற்பியல் பிரிவில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் இருக்கிறார். சாயங்காலம் வீட்டுக்குப் போன் பண்ணியபோது பொடி டப்பாவைப் பற்றியோ மாவைப் பற்றியோ ஒரு கேள்வியும் வரவில்லை. "சனிக்கெழம நானே காரெடுத்துட்டு வர்றேன்" என்றார். இத்தனை முகாம்களில் ஒரு தடவைகூட அவர் என்னைக் கூட்டிப்போக வந்ததில்லை.

ஏப்ரல் 12, வெள்ளி

போகாமல் இருந்துவிடலாம் என்று ஒரு மணி வரை நினைத்தேன். பிஸ்கட் பையில் இருந்தது. போகாவிட்டால் பேச்சு உண்மையாகிவிடும். போய்த் திரைக்குள் உட்கார்ந்தாலும் உண்மையாகிவிடும். எனக்குக் காலையிலேயே பசிக்க ஆரம்பித்துவிட்டது, இந்த ஒரு வாரத்தில் வேளைக்குச் சாப்பிட்டுப் பழகி வயிறு கெட்டுப்போய்விட்டது.

"எத்தன பேருங்க?"

"ஒருத்தர்."

கல்லாக்காரர் பழக்கத்தில் பச்சைத் திரையைக் காட்டினார். நான் முன்பக்கக் கல்மேடையில், சுவரைப் பார்த்து, லாரி டிரைவர் மாதிரி இருந்த ஒருவருக்கும் பையை மடியில் வைத்திருந்த மருந்துக் கம்பெனிக்காரர் ஒருவருக்கும் நடுவே போய் உட்கார்ந்தேன். குப்பண்ணா ஓர் இலையைப் போட்டார். இன்னொன்று கையிலேயே இருந்தது.

"சாருங்க?"

"சார் எப்பவுமே வரல குப்பண்ணா. நான் சும்மா சொன்னேன்."

"தெரியுமுங் டீச்சர்."

"எப்ப இருந்து?"

"மொத நாளே. இந்தச் சந்துல சைக்கிள் நிறுத்தவே எடமில்ல, வண்டிய எங்க நிறுத்திட்டு வருவாரு?" தண்ணீர் தெளித்துக்கொண்டே சொன்னார். "எதுத்தாப்பல ஒரு இலை கெடந்தா பதறாம சாப்புடுவீங்கன்னு போட்டேன். கல்லாவுலயும் சொல்லிட்டேன், அந்த இலைக்குக் காசு வாங்காதன்னு. அன்னிக்கு அந்த டீச்சரம்மாகிட்ட வாயக் குடுத்ததுதான் தப்பாப் போச்சு. உங்களக் காப்பாத்தறேன்னு நெனச்சுட்டுச் சொல்லிப்போட்டேன்."

எனக்கு அழுகை வந்தது. வாழைக்காய் வறுவலைப் பார்த்துக்கொண்டு அதை அடக்கினேன்.

லாரி டிரைவர் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு அப்பளத்தை நொறுக்கினார். மருந்துக் கம்பெனிக்காரர் பார்க்கவே இல்லை. எதிர்ப்பக்க மேசையிலிருந்த ஒருவர் மட்டும் சாம்பாரிலிருந்து ரசம் வரைக்கும் பார்த்தார். ரசத்துக்குப் பிறகு அவருக்கும் அலுத்துவிட்டது. சுவரில் காலண்டர் தொங்கியது. அதைப் பார்த்தபடி பதினான்கு நிமிடம் சாப்பிட்டேன். வறுவல்: ஐந்துக்கு ஐந்து. இதுவரை யாருக்கும் முழு மதிப்பெண் கொடுத்ததில்லை.

ஏப்ரல் 13, சனி

கடைசிக் கட்டுகளைக் காலையிலேயே முடித்துக் கொடுத்தேன். திருமூர்த்தி சார் கையெழுத்துப் போட்டு, "ஒரு தப்பும் இல்லீங்க, எல்லாத்தையும் பார்த்தேன்" என்றார். எல்லாவற்றையும் பார்த்தேன் என்பதை அழுத்திச் சொன்னார். தாள்களைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

பன்னிரண்டரைக்குப் பள்ளி வாசலில் என் வீட்டுக்காரர் காரோடு நின்றார். பெட்டியை வாங்கி டிக்கியில் வைத்தார். கதவைத் திறக்கவில்லை.

"ஊர்ல என்னென்னமோ பேசறாங்க. ஹோட்டல்ல யாரோட சாப்புட்ட?"

"தனியாத்தானுங்க."

"பொம்பள ஒத்தையில ஹோட்டல்ல உக்காந்து சாப்புட்டாளாக்கும்? நம்பறாப்பல எதாச்சும் சொல்லு."

அவர் கோபமாகக் கேட்கவில்லை. பயந்து போயிருந்தார். முகம் ஒரு சுற்று இளைத்திருந்தது. மாவு தீர்ந்தபிறகு என்ன சாப்பிட்டாரோ. எனக்குப் பாவமாக இருந்தது. இருந்தாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

"இருபத்துநாலு வருசமா ஊட்டுல நான் தனியாத்தான சாப்படறேன். அத நம்பறீங்கல்ல?"

வாசலில் டீச்சர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ரெஜினா டீச்சர் என்னைப் பார்த்துக் கையசைத்தார். நானும் அசைத்தேன்.

"எனக்குப் பசிக்குதுங்க. வாங்க, சாப்புட்டுட்டுப் போலாம்" என்று சந்துக்குள் நடந்தேன். வருவாரா என்று திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

கல்லாக்காரர் வழக்கம்போலக் கேட்டார். இரண்டு பேர் என்றேன். அவர் என் முதுகுக்குப் பின்னால் பார்த்து எழுந்தே நின்றுவிட்டார். குப்பண்ணா ஓடி வந்து, "வாங்க சார், வாங்க" என்றார். சர்க்கரையைப் பற்றி மூச்சு விடவில்லை. முன்பக்கமே ஒரு மேசை காலியாக இருந்தது. எதிரெதிரே உட்கார்ந்தோம். எனக்கு ஓர் இலை, எதிரே ஓர் இலை.

சாப்பிட ஆரம்பித்தோம். சாம்பார் தீர்ந்ததும் அவர் இரண்டு விரலைத் தூக்கி, "இன்னும் கொஞ்சம்" என்றார். என்னைப் பார்த்துச் சொன்னார். என் இடுப்பு பாதி எழுந்துவிட்டது. என் கை சோற்றில் இருந்தது. மறுபடியும் உட்கார்ந்து பிசைந்தேன். குப்பண்ணா வாளியோடு வந்து ஊற்றினார். ரசத்துக்கும் அவர் என்னைத்தான் பார்த்தார். மோருக்குப் பார்க்கவில்லை, குப்பண்ணாவைப் பார்த்தார்.

ஆறு நிமிடத்தில் முடித்தார். இலையை மடித்தார், போய்க் கை கழுவினார், கர்சீப்பில் துடைத்துக்கொண்டே வந்து என் பக்கத்தில் நின்றார். வாசலில் இடத்துக்காக நான்கைந்து பேர் காத்திருந்தார்கள். எல்லோரும் எங்களைத்தான் பார்த்தார்கள்.

"போலாமா?"

"நான் இன்னும் மோருக்கு வரல" என்றேன்.

வாசலில் காத்திருந்தவர்களைப் பார்த்தார். பிறகு எதிர் நாற்காலியில், தன் மடித்த இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மேசைமேல் வைத்தார், மடியில் வைத்தார். நான் ரசச்சோற்றை வழித்துச் சாப்பிட்டேன். மோருக்குச் சோறு வாங்கிக்கொண்டேன். சுண்டைக்காய் வற்றல் மூன்றை ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தேன், கடைசியில் மோருக்குத் தொட்டுக்கொள்வதற்காக. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்குச் சுண்டைக்கா வத்தல் புடிக்குமா?" என்றார்.

பிடிக்கும் என்றேன்.

குப்பண்ணா மோர் வாளியோடு வந்து ஊற்றினார். நிறுத்தாமல் ஊற்றினார். நான் கையைக் குறுக்கே வைக்கவில்லை.